வல்லாளனுக்கு மகன் இருந்தான்

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மனிதனுக்குத் திதி கொடுக்கிறார். மாசி மகத்தன்று கோயிலைவிட்டுப் புறப்பட்டு, பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்குப் போய், இறந்த தந்தைக்கு மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்புகிறார். அந்தத் தந்தை வல்லாள மகாராஜா. கல்வெட்டுகளின் மொழியில் சொன்னால், போசள அரசன் மூன்றாம் வீரவல்லாளன். தைப்பூசத்தன்றே சாவுச் செய்தி வந்துவிடும். ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடிந்து சுவாமி திரும்பும்போது மன்னர் இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்லப்படும். அதன்பின் மேளமும் நாயனமும் நின்றுபோகும். தெய்வம் துக்க வீட்டுப் பிள்ளையாக வீடு திரும்பும்.

ஏன் இந்தச் சடங்கு என்று கேட்டால் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். வல்லாளனுக்கு மல்லம்மாதேவி, சல்லம்மாதேவி என்று இரண்டு மனைவியர், பிள்ளை இல்லை. சிவன் அடியார் வேடத்தில் வந்து, தனக்கு ஒரு கணிகை வேண்டும் என்று கேட்டார். ஊரிலிருந்த கணிகையர் அனைவரும் அன்றைக்கு வேறிடத்தில் இருக்கும்படி முன்பே செய்துவிட்டிருந்தார். வாக்குத் தவறக்கூடாது என்று மன்னன் தன் இளைய மனைவி சல்லம்மாவையே அனுப்பினான். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிட்டார். குழந்தை மறைந்தது, உனக்கு நானே மகன், உன் கடன்களை நானே செய்வேன் என்ற வாக்கு மட்டும் நின்றது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் இதற்குத் தனிச் சருக்கமே உண்டு.

வரலாறு படித்தவர்கள் இதைக் கேட்டதும் ஒரே போடாகப் போடுவார்கள்: வல்லாளனுக்கு மகன் இருந்தான். அது உண்மைதான். 1311-இல் தில்லிப் படைத்தலைவன் மாலிக் கபூர் போசளர் தலைநகரான துவாரசமுத்திரத்தின் மேல் பாய்ந்தபோது வல்லாளன் பணிந்தான். பணிந்ததற்கு அடையாளமாகத் தன் மகனையே தில்லிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1313-இல் அந்த இளவரசன் ஊர் திரும்பினான். அந்த மகிழ்ச்சியில் வரி விலக்குக் கொடுத்ததைக் கன்னடக் கல்வெட்டு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அவன் பெயர் விருபாட்ச வல்லாளன். தந்தை இறந்தபின் 1343-இல் முடிசூடிக்கொண்டவனும் அவனே. ஆக, பிள்ளையில்லா மன்னன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதுவரை மறுக்க ஒன்றுமில்லை. இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. மகன் இருந்ததால் கதை பொய், கோயில்காரர்கள் கட்டிவிட்டது, கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம் என்கிறார்கள். அதோடு நிற்பதும் இல்லை. வீரர்களைப் பற்றிய எந்தக் கதைக்கும் இதே தராசுதான். அப்பன், பிள்ளை, மாமன், மருமகன், உடன்பிறவாச் சகோதரன் என்று கதையில் வரும் உறவுகள் அனைத்தும் புலவர்களும் பாட்டுக்காரர்களும் பின்னால் பூசிய பூச்சு, சுரண்டிவிட்டால் உள்ளே தனி ஒரு வீரனும் ஒரு போரும் ஒரு தேதியும் மட்டும் மிஞ்சும், அதுதான் வரலாறு. கல்லூரி வகுப்பறைகளிலும், யூடியூப் வரலாற்றுச் சேனல்களிலும், கோயில் பற்றிய பருவ இதழ்க் கட்டுரைகளிலும் இந்தக் கருத்தே இன்று கோலோச்சுகிறது. பகுத்தறிவின் பெயரால் சொல்லப்படுவதால் இதை எதிர்த்துக் கேட்பவர்களும் குறைவு.

இந்தக் கருத்து தவறு. உறவு என்றால் பிறப்பு மட்டுமே என்ற இன்றைய எண்ணத்தை எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய போர்வீரர் சமூகத்தின் தலையில் இது கட்டுகிறது. அந்தச் சமூகத்தில் மகன் பிறக்கவும் செய்வான், ஆக்கப்படவும் செய்வான். ஆக்கப்பட்ட மகனுக்கு இருந்த கடமைகள் பிறந்த மகனுக்கு இருந்தவற்றைவிடக் குறைந்தவை அல்ல.

வெளியே எங்கும் போக வேண்டாம், போசளர் வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். வல்லாளனின் முன்னோனான விஷ்ணுவர்த்தனன், தண்டநாயகக் குடும்பத்துப் பிள்ளை பிட்டியண்ணாவைத் தன் மகனைப்போல வளர்த்தான். அவனுக்குப் பூணூல் போட்டுவைத்தது அரசனே. மந்திரி மகளைப் பார்த்துக் கல்யாணம் முடித்ததும் அரசனே. பையன் பருவம் முற்றுமுன்பே படைத்தலைவனாகிக் கொங்கு நாட்டை வென்று திரும்பினான் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. இது யாரும் பாடிய கதை அல்ல. அரண்மனையின் ஒப்புதலோடு கல்லில் வெட்டிய செய்தி.

இன்னொரு கல் ஹளேபீடில், போசளேசுவரர் கோயிலருகே தூணாக நிற்கிறது. இரண்டாம் வல்லாளனின் தளபதி குவர லட்சுமனின் நினைவுத்தூண் அது. பெயரிலேயே 'குமாரன்' என்பதைச் சுமந்தவன். அரசனுக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை என்ற அளவுக்கு அந்தக் கல்வெட்டு அவர்களைச் சேர்த்துச் சொல்கிறது. 1220-இல் அரசன் இறந்தபோது லட்சுமனும் அவன் மனைவி சுக்கலாதேவியும் உயிரை விட்டார்கள். அவனைச் சேர்ந்த வீரர்களும் சேர்ந்து மாண்டார்கள். அந்தத் தூணின் சிற்பங்களில் வீரர்கள் தங்கள் தலையைத் தாங்களே அரிந்துகொள்வதை இன்றும் பார்க்கலாம். கருடர்கள் என்று இவர்களுக்குப் பெயர். சோழ நாட்டு வேளைக்காரர்களுக்கும் இதே வகையான ஆணை உண்டு. அரசனுக்கு ஒன்று என்றால் உயிரோடு இருப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த இந்த வீரர்களை ரத்த உறவுக் கணக்கில் எங்கே வைப்பது? பிறப்புப் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை. அரசன் செத்த அன்று யார் சாக வேண்டும் என்ற பட்டியலில் முதல் பெயர்கள் இவர்களுடையவை.

கூலிக்கு வந்தவன் இப்படிச் சாகமாட்டான். அரண்மனை அவனை வளர்த்தது, கல்யாணம் செய்துவைத்தது, குமாரன் என்று கூப்பிட்டது. பதிலுக்கு அவன் மகனாகச் செத்தான். இதை அலங்காரம் என்று தள்ளுபவர்கள் அந்தத் தூணின் முன் ஒருமுறை நிற்க வேண்டும்.

மூன்றாம் வல்லாளன் இந்த மரபில் வந்தவன். துவாரசமுத்திரம் நிலைகுலைந்தபின் 1328 வாக்கில் அண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். உண்ணாமலைப் பட்டணத்திலிருந்து ஆள்வதாக அவன் சாசனங்கள் சொல்கின்றன. கோயிலுக்குள் வல்லாள கோபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவன் முடிவு 1342-இல், திருச்சிக்குப் பக்கத்துக் கண்ணனூர்க் கொப்பத்தில் வந்தது. மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் படை அங்கே கோட்டைக்குள் முற்றுகையில் கிடந்தது. சரணடைவதற்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில், நண்பகல் ஓய்விலிருந்த வல்லாளனின் பாசறைமேல் சுல்தானின் குதிரைப்படை திடீரென்று விழுந்தது. எண்பது வயதுக் கிழவன் குதிரை ஏறுவதற்குள் பிடிபட்டான். பிடித்தவன் சுல்தானின் சகோதரன் மகன் நாசிருத்தீன். யார் என்று தெரியாமல் வெட்டப்போனவனை, இவர்தான் அரசர் என்று ஓர் அடிமை தடுத்திருக்கிறான். விடுதலை செய்வதாக ஆசை காட்டி யானை, குதிரை, பொருள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டபின் சுல்தான் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். அது தொங்குவதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பயணி இபன் பதூதா எழுதியிருக்கிறார்.

இபன் பதூதா அங்கே எப்படி வந்தார் என்பதைக் கவனிக்கப் பலரும் மறக்கிறார்கள். மதுரைச் சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீனின் மகளை அவர் தில்லியில் மணந்திருந்தார். அவளுடைய அக்காள் தங்கையரில் ஒருத்தி தாமகானியின் மனைவி. வல்லாளனைக் கொன்றவனுக்கு அதை எழுதிவைத்தவர் சகலை. பிடித்தவன் சகோதரன் மகன், கொன்றவனின் மாமனார் அந்த அரசை நிறுவியவர், சாட்சி சொன்னவர் சகலை. உறவைச் சுரண்டிவிட்டு உள்ளே வரலாற்றைத் தேடலாம் என்பவர்கள் இந்தச் சம்பவத்தில் எதைச் சுரண்டுவார்கள்? சுரண்டினால் சாட்சியே போய்விடுகிறார்.

இப்போது விருபாட்சனுக்கு வருவோம். மகன் இருந்தான், முடியும் சூடினான், சரி. மூன்றாண்டு தாண்டவில்லை. 1346-க்குள் போசளர் அரசு கண்ணைவிட்டு மறைந்துவிட்டது. விஜயநகரச் சகோதரர்கள் அந்த இடத்தில் எழுந்துவிட்டார்கள். தந்தையின் உடலோ எரிக்கக் கிடைத்த உடல் அல்ல. எதிரியின் மதிற்சுவரில் தொங்கிய உடல். எரியூட்டாத தந்தை, தொடராத மகன். பிறப்பால் வந்த மகன் ஒருவன் இருந்ததை நிரூபிப்பதால் இந்த நிலைமை எந்த வகையில் மாறுகிறது? மாசிதோறும் நதிக்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்க அந்த வம்சத்தில் ஆள் இல்லை. அண்ணாமலையில் அவன் இருந்தான், அண்ணாமலை அவனை ஏற்றுக்கொண்டது. பிள்ளையில்லா மன்னன் என்று கதை சொல்வது, வம்சம் அறுந்த மன்னன் என்பதை ஊர் நினைவில் வைத்துக்கொண்ட விதம் என்று கொள்வதே பொருந்துகிறது. பிறப்புக் கணக்கோ பிள்ளைகளின் எண்ணிக்கையோ கதைக்கு முக்கியமில்லை. செத்தவனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. அந்தப் பதில் பல நூற்றாண்டுகளாகச் செயலில் இருக்கிறது. விருபாட்சனின் முடிசூட்டு விழாவுக்கு அப்படிப்பட்ட ஆயுள் வாய்க்கவில்லை.

சைவ மரபை அறிந்தவர்களுக்கு இது புதிய வழக்கும் இல்லை. விசாரசருமர் சிவபூசைக்குக் குறுக்கே வந்த தந்தையின் காலை வெட்டினார். இனி நானே உனக்குத் தந்தை என்று சிவன் அவரை மகனாக ஏற்றுச் சண்டேசுவரர் ஆக்கினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தச் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தைப் பார்க்காதவர் குறைவு. சோழர் காலத்துக் கோயில் நிலக் கிரயங்கள் எல்லாம் ஆதிசண்டேசுவர தேவர் பெயரில்தான் நடந்தன. வாங்குபவரும் விற்பவரும் ஓலையில் அவரே. ஆக்கப்பட்ட மகன் தெய்வத்தின் சொத்துக்கே கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்றிருந்த நாட்டில், ஆக்கப்பட்ட மகன் ஓர் அரசனுக்குத் திதி கொடுப்பதை எப்படிக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியும்? அன்றைய சட்டத்துக்குள் நின்றே கதை பேசுகிறது.

கோயிலுக்கு இதில் ஆதாயம் இருந்தது என்ற வாதம் அடுத்து வரும். மன்னன் நிலம் விட்டான், கோயில் அதற்குக் கதை கட்டியது என்பார்கள். ஆதாயம் இருந்திருக்கலாம். அரசர்கள் தங்கள் பெயரில் சந்திப் பூசை ஏற்படுத்தி, அதற்கு ஊரையும் நிலத்தையும் விட்டுப்போனது தமிழகமெங்கும் நடந்தது. நிலத்தை வாங்கிக்கொண்டு கடமையை ஏற்பது போலித்தனம் என்றால், சொத்தை வாங்கிக்கொண்டு அப்பனுக்குக் கொள்ளி வைக்கும் எந்த மகனும் போலி மகனாகிவிடுவான். வாரிசு என்பதே சொத்தும் கடனும் சேர்ந்து வருவது. ஆதாயத்தைச் சுட்டிக்காட்டுவதால் உறவு பொய்யாகிவிடாது. அந்த உறவு எப்படி வேலை செய்தது என்பது தெளிவாகிறது.

ஐரோப்பாவின் வீரர் கதைகளையும் இதே தராசில்தான் நிறுத்துப் பார்க்கிறார்கள். 778 ஆகஸ்டு 15 அன்று பிரெனே மலைக் கணவாயில் பேரரசன் சார்லமேனின் பின்படையை பாஸ்க் மக்கள் மறித்து அழித்தார்கள். செத்தவர்களில் ரோலான் ஒருவன். பிரெத்தோன் எல்லைப் பகுதியின் தலைவன் என்ற ஒற்றைக் குறிப்போடு சார்லமேனின் வரலாற்றை எழுதிய எயின்ஹார்டு அவனைக் கடந்துபோகிறார். உறவு எதையும் அவர் சொல்லவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து வந்த ரோலான் பாட்டில் அவன் பேரரசனின் தங்கை மகன். அவனைக் காட்டிக்கொடுக்கும் கனலோன் அவனுக்கு மாற்றாந்தந்தை, அதாவது தாயின் இரண்டாம் கணவன். உற்ற தோழன் ஒலிவியேவின் தங்கை ஓது அவனுக்கு நிச்சயித்த பெண். வரலாற்றில் சார்லமேனின் தங்கை கிசேலா கன்னிமடத்தின் தலைவி. கணக்குப்படி பார்த்தால் மருமகனும் பொய், மைத்துனனும் பொய்.

ஆனால் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. கனலோன்மேல் விசாரணை நடக்கிறது. அவன் பக்கம் பினபெல் சண்டையிட முன்வருகிறான். அவனுக்காக முப்பது உறவினர்கள் பிணை நிற்கிறார்கள். பினபெல் தோற்கிறான். கனலோன் குதிரைகளில் கட்டிக் கிழிக்கப்படுகிறான். பிணை நின்ற முப்பது பேரும் தூக்கிலிடப்படுகிறார்கள். ஒருவன் செய்ததற்கு ஒரு குடும்பமே விலை கொடுத்த உலகம் அது. அந்த உலகத்தில் ரோலானின் சாவு வெறும் அதிகாரியின் சாவாக இருந்தால் பேரரசன் பழிவாங்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வரும்? மருமகன் என்று வைத்ததும் கட்டாயம் வந்துவிடுகிறது. அரசன் தன் ஆட்களுக்கு எந்த அளவு பொறுப்பு என்ற கேள்வியை அந்தக் காலத்து மக்கள் உறவின் மொழியில் கேட்டார்கள்; அவர்களுக்கு அதைவிடக் கூர்மையான மொழி தெரியாது.

ஆர்தர் கதையில் மார்ட்ரெட் முதலில் மருமகன். 1136 வாக்கில் ஜெஃப்ரி எழுதியபோது அப்படித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக் கதைகளில் ஆர்தர் அறியாமல் தன் உடன்பிறந்தாளிடமே பெற்ற மகனாகிவிடுகிறான். உறவு நெருங்க நெருங்க ஆர்தரின் குற்றமும் கூடுகிறது. அரசு அழிந்ததற்கு வெளியிலிருந்து வந்த எதிரி காரணமாக இல்லாமல், அரசனே காரணமாகிறான். காக்ஸ்டன் 1485-இல் அச்சிட்ட மாலரியின் நூலில் வட்ட மேசையை உடைப்பது இன்னொரு குடும்பக் கணக்கு. லான்சலாட் அரசியை மீட்கும் களேபரத்தில், ஆயுதமின்றி நின்ற கேரத்தும் கேரிசும் அவன் கையால் விழுகிறார்கள். அவர்களின் அண்ணன் காவெயின் பழிவாங்காமல் ஓயமாட்டேன் என்கிறான். அவன் மாமன் ஆர்தர். மாமன் விரும்பாத போருக்கு மருமகன் இழுத்துக்கொண்டு போகிறான். நாடு அழிகிறது. இதில் உறவைப் பூச்சு என்று கழித்துவிட்டால் மீதி என்ன கிடைக்கும்? காரணமில்லாத ஒரு போர்.

திரும்பவும் அண்ணாமலைப் பக்கமே வரலாம். உறவைப் புலவர்கள்தான் சேர்த்தார்கள் என்ற வாதத்தை நொறுக்கும் சான்று இந்த மாவட்டத்திலேயே, செங்கம் வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கிறது. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்து 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டபோது, பல்லவர் காலத்து வட்டெழுத்தில் சாதாரண வீரர்களின் பெயர்கள் வரிசையாக வெளிவந்தன. அவை கவிதைகள் அல்ல. அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, தலைவன் பெயர், விழுந்தவன் பெயர், விழுந்த காரணம் ஆகியவை மட்டுமே. அலங்காரத்துக்கு அங்கே ஓரங்குல இடமும் கிடையாது. அந்த இறுக்கமான வரிக்குள்ளும் உறவு உண்டு.

தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு. விழுந்தவன் கருந்தேவகத்தி. அவன் யார்? வாணகோ அரசரின் மருமக்களான பொற்றொக்கையாரின் இளமகன். எதற்காக விழுந்தான்? தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு விழுந்தான். நாட்டுக்காக இல்லை, கொடிக்காக இல்லை. எருமைகள். கல்வெட்டு அத்தோடு முடியவில்லை. பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் தனி எழுத்து. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துத் தன் ஆளுக்குக் காவலாக நின்றதாம். அரசன், மருமகன் முறைத் தலைவன், அவனைச் சார்ந்த இளைஞன், இளைஞனின் எருமை, எருமையைக் காத்தவனைக் காத்த நாய். ஒரே கல்லில் பொறுப்பின் முழுச் சங்கிலியும் வெட்டப்பட்டிருக்கிறது. பல்லவப் பேரரசன் அந்தச் சங்கிலியின் ஒரு நுனியில் இருக்கிறான், நாய் மறு நுனியில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு வீரனைத் தனியாளாகக் கற்பனை செய்பவர்கள் இந்தக் கல்லுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். வெட்டியவனுக்கு எழுத இடமே இல்லாதபோதும் யாருடைய ஆள், யாருக்கு மருமகன் என்பதை விடாமல் வெட்டினான். இறந்தவனை இன்னான் என்று அறியச் செய்ய அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

தேசிங்கு கதையில் சிக்கல் இன்னும் கூடுதல். திண்டிவனம் சாலையில் செஞ்சிக் கோட்டையைக் கடந்துபோகிற எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவனாக வந்த புந்தேலா ராஜபுத்திரன் சொரூப் சிங் 1714-இல் இறந்தான். மகன் தேஜ் சிங், கதைகளின் தேசிங்கு, வந்து கோட்டையை ஏற்றான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணம் கேட்டான், இவன் மறுத்தான், 1714 அக்டோபர் 3 அன்று போரில் மாண்டான். இளைஞன், அவன் ஆண்டது மாதக் கணக்குதான். ஆனால் பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் தெருக்கூத்திலும் வாழ்ந்த காலமோ 300 ஆண்டுகள். கதைப்பாட்டில் தந்தை பெயர் தேரணிசிங். தில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்க முடியாமல் தந்தை சிறைப்பட்டிருக்க, பாலகன் தேசிங்கு போய் அதன்மேல் ஏறி, தந்தையை மீட்டு, குதிரையையும் மணமகளையும் சேர்த்துக் கொண்டுவருகிறான். தந்தை பெயரே வேறாக இருக்கிறது, சிறைப்பட்ட செய்தியும் ஆவணத்தில் இல்லை என்று ஆய்வாளர்கள் கோடிடுகிறார்கள்.

கோடிடட்டும். அந்தக் கதையில் கேட்பவர்களை உலுக்குவது மகமத்கானின் முடிவு. தேசிங்கின் தோழன், முஸ்லிம். அவன் கல்யாணப் பந்தலில் இருக்கும்போது செஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. மணக்கோலத்தோடு குதிரை ஏறுகிறான். களத்தில் தேசிங்குக்கு முன்னால் சாகிறான். செஞ்சிப் பக்கத்தில் அவன் சமாதி என்று இன்றும் காட்டுகிறார்கள். அங்கே போய்க் கும்பிடுபவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. தேசிங்கையும் மகமத்கானையும் உடன்பிறவாத அண்ணன் தம்பி என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். இதை மத நல்லிணக்கத்துக்காகப் பின்னால் சேர்த்த பாகம் என்று சொல்பவர்கள், வல்லாளனின் படையிலேயே இருபதாயிரம் முஸ்லிம் வீரர்கள் இருந்ததாக இபன் பதூதா எழுதியதை மறந்துவிடுகிறார்கள். தென்னிந்தியப் போர்ப்படைகள் நெடுங்காலமாக இப்படிக் கலந்தே இருந்தன. கலந்த படையில் ஒருவனுக்கு ஒருவன் சாவது எந்தப் பெயரில் நடக்கும்? உறவின் பெயரில்தான். அவர்கள் மச்சான் என்றும் தம்பி என்றும் அழைத்துக்கொண்டதற்கு ஆவணம் தேவையில்லை. அப்படி அழைத்துக்கொள்ளாமல் ஒரே களத்தில் வாளெடுத்து நின்றார்கள் என்று நம்பத்தான் ஆதாரம் வேண்டும்.

இந்த உறவுகளுக்கு ஒரு கொடிய பக்கம் இருக்கிறது. அதை மறைத்தால் இந்த மறுப்பு நேர்மையானதாக இராது. வீரர்களின் உறவுக் கடனைப் பெண்களே பெரும்பாலும் உடலால் அடைத்தார்கள். சல்லம்மாதேவியைக் கேட்டுவிட்டா வல்லாளன் அடியாரிடம் அனுப்பினான்? கணவனின் வாக்குக்கு அவள் கொடுக்கப்பட்டாள். கதை தெய்வத்தைக் குழந்தையாக்கி அந்தக் கணத்தை மென்மையாக்கப் பார்க்கிறது. ரோலான் இறந்த செய்தி கேட்டதும் ஓது அரசன் காலடியில் விழுந்து செத்துப்போகிறாள். ஈடாகத் தன் மகனைத் தருகிறேன் என்று சார்லமேன் சொன்னதை அவள் ஏற்கவில்லை. தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் பெயரால் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினான் என்பது மரபு. ஊருக்குப் பெயர் வைத்ததை மரியாதை என்று இன்றும் எழுதுகிறார்கள். ஒரு பெண்ணை எரித்துவிட்டு ஊருக்குப் பெயர் வைப்பது மரியாதை ஆகாது. உறவு என்பது பொறுப்பு என்று வாதாடும்போது அந்தப் பொறுப்பை யார் தோளில் வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதையிலிருந்து உறவைக் கழித்துவிடுபவர்கள் இந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் கழிக்கிறார்கள். அவர்கள் எழுதும் வரலாற்றில் சல்லம்மாவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பக்தர்களின் பக்கமும் ஒரு பிழை உண்டு. விருபாட்சனைச் சொல்லாமல் விடுவது. தில்லிக்குப் பணயமாகப் போய்த் திரும்பிய பிள்ளையை, சரிந்துகொண்டிருந்த அரசை மூன்றாண்டு தாங்கிப் பார்த்தவனை, இல்லாத பிள்ளை ஆக்கிவிடுவது அவனுக்கும் தகப்பனுக்கும் இழைக்கும் அநீதி. தல புராணம் சொல்பவர்கள் அவனை மறைக்கத் தேவையே இல்லை. மகன் இருந்தான், அவனோடு வம்சம் அறுந்தது, அதன்பின் அண்ணாமலையார் கடனை ஏற்றார் என்று சொன்னால் கதை எதையும் இழக்காது.

வல்லாள கோபுரத்தின் கீழ் நின்று வெளியூர்க்காரர்களுக்குக் கதை சொல்லும் வழிகாட்டிகள் இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லலாம். 1311-இல் தில்லிக்குப் போன பையனைச் சொல்லிவிட்டு, மாசியில் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகும் பிள்ளையைச் சொல்லலாம். கல்லூரி வரலாற்றுத் துறைகள் மாணவர்களை எடுத்தனூர்க் கல்லுக்கும் அழைத்துப் போகலாம், தைப்பூசத்தன்று ஈசான்ய குளத்துக்கும் அழைத்துப் போகலாம். ஆவணத்தை ஒரு பக்கம், கதையை மறுபக்கம் நிறுத்திச் சண்டை மூட்டுவதைவிட, வல்லாளன் செத்த ஆண்டு எது என்பதோடு, அவனுக்காக அழுதது யார் என்பதையும் தேர்வுத்தாளில் கேட்கத் தொடங்கலாம்.